ஆடிப் பெருக்கு வரை ஓட்டிப் பார்த்தது

ஆடி 8, வியாழன்

காலையிலிருந்து காற்று. கொள்ளிடத்து மணல் முழுக்க எங்கள் ஹாலில்தான். துணிக்கு இரண்டு கிளிப் போதவில்லை, இவருடைய பனியன் ஒன்று எதிர் மாடிக்குப் போய்விட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் அம்மி அசையவில்லை.

பதினொரு மணிக்குப் பெட்டி வந்தது. தானே ஓடி, தானே பெருக்கி, தானே துடைக்கும் மெஷின். மாப்பிள்ளை அனுப்பியது. அந்த வார்த்தையை முழுசாக எழுதக் கை வரவில்லை. இனி மா. போதும்.

எதற்காக அனுப்பினான் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனி கடைசியில், தரையில் முடி கிடந்ததற்காக என் பெண் காவியாவின் இடது கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கையைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு துவாக்குடியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தாள். கல்யாணமாகி முதல் ஆடி. அதனால் தெருவுக்கு, ஆடிக்கு அழைத்து வந்ததாகப் பேர். ஆஸ்பத்திரியில் இவர் சொன்னது: "துடைச்ச தரையில வழுக்கிட்டா டாக்டர்." பக்கத்தில் நானும் நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

பிறகு மா. வந்தான். சோபாவில் உட்கார்ந்து அழுதான்.

"பட்டறையில நாள் முழுக்க கிரீஸு, இரும்புத்தூளு. வீட்டுக்கு வந்தா தரை பளிச்சுனு இருக்கணும் மாமா. இல்லன்னா மண்டை காஞ்சுடுது. என்ன செய்யறேன்னு எனக்கே தெரியல."

இவர் ரொம்ப நேரம் யோசித்தார். மின்வாரிய ஆபீசில் சண்டைக்காரர்களுக்கு சமரசம் பண்ணியே ரிட்டயர் ஆனவர். "சண்டை தரையைப் பத்தித்தானே? தரைக்கு ஒரு வழி பண்ணிட்டா சரியாயிடுமில்ல?" என்றார். மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கு மெஷின் இருக்கிறது என்றான்.

ஒப்பந்தம் இது. ஆடிப் பெருக்கு வரை மெஷினை இங்கே ஓட்டிப் பார்ப்பது. நன்றாக வேலை செய்தால் பெருக்கன்று மா. வந்து சாப்பிட்டு, தாலிக்குப் புதுக் கயிறு மாற்றி, காவியாவையும் மெஷினையும் சேர்த்து அழைத்துப் போவது. சரியில்லை என்றால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு மேற்கொண்டு பேசுவது. சோதித்து மார்க் போடுவது நான். முப்பது வருஷம் கேர்ள்ஸ் ஸ்கூலில் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள், ஏமாற்ற முடியாதவள் என்று என் தலையில் கட்டினார்கள். சரி என்றேன். பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள் என்று ஊர் கேட்க ஆரம்பித்துவிடும்.

காவியா பெட்டியைத் தொடவில்லை. இவர்தான் பொங்கல் பரிசு மாதிரி பிரித்தார். கறுப்பு வட்டம். தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓரத்தில் மீசை மாதிரி ஒரு பிரஷ். அடியில் ஒரு உருளை பிரஷ், பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதில் ஒட்டும் துணி. தூக்கிப் பார்த்தேன். நாலு கிலோ இருக்கும். குண்டு எறிதலில் பெண்களுக்குக் கொடுக்கும் அதே எடை. கைக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

மா. போனில்: "ரொம்ப ஒசத்தியும் இல்ல அத்தை, மட்டமும் இல்ல. மிடில் ரேஞ்ச்." இவனைப் பற்றித் தரகர் சொன்னதும் இதேதான்.

மெஷினை நடத்தும் ஆப் அவன் போனில். இவர் போனிலும் போடப் பார்த்தார், வரவில்லை. "விடுங்க மாமா, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்."

முதல் ஓட்டம். பெருக்கல் 7. சத்தம் 5. ஸ்டாண்டுக்குத் தானே திரும்பிப் போகிறது, 9. என் ஸ்டூடண்ட்ஸ் கூட விசில் ஊதினால் அப்படி வரிசைக்குத் திரும்பியதில்லை.

ஆடி 9, வெள்ளி

காற்று அதிகம். இரண்டாம் ஆடி வெள்ளி. பூஜை அறைக்கு முன்னால் பச்சரிசி அரைத்து மாக்கோலம் போட்டேன். பாதி காய்வதற்குள் மெஷின் வந்து ஒரு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு போய்விட்டது. தாமரை இருந்த இடத்தில் வெள்ளைச் சேறு. ஒரு எத்து எத்தலாம் என்று காலைத் தூக்கினேன். இவர் குறுக்கே வந்து, "பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்றார். இவர் பாவம் பார்க்காத ஜந்து உலகத்தில் இல்லை.

பிறகு முறையாகத் துடைப்பு சோதனை. காப்பிக் கறை போய்விட்டது. சாம்பார்த் துளி இரண்டு தடவைக்குப் பிறகு போனது. மஞ்சள் போகவே இல்லை. எண்ணெய்யைத் தேய்த்துத் தேய்த்து ஹால் முழுக்கப் பூசிவிட்டது. துடைப்பு 5.

இவர் தரையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது: "பாரு சாந்தி, ஈரமே தங்கல. இதுல யாரும் வழுக்கவே முடியாது."

யாரும் வழுக்கவில்லையே, வழுக்கினாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தால் அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. காவியா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெஷின் கிட்டே வரும்போது காவியா இரண்டு காலையும் சோபாவில் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பின்னலை முன்னால் எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறாள். அது போன பிறகுதான் விடுகிறாள்.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், கற்பூரம், கிளிப் ஒரு டஜன், கால்சியம் மாத்திரை.

ஆடி 10, சனி

வெயில், காற்று. காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறதாம். கீழ் வீட்டு ராஜி மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். "ஆடிக்கு வந்திருக்காளா? கையில என்னங்க கட்டு?" வழுக்கிவிட்டாள் என்றேன். "புது இடம்ல, தரை பழகணும்" என்றாள். ஆமாம், பழகணும்.

மெஷினைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். எனக்குப் பிடித்திருக்கிறது. இடுப்பு வலியோடு குனிந்து துடைத்தது போதும் என்று இருந்தவளுக்கு, காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது எதிரே தரை தானாகச் சுத்தமாவது சொர்க்கம். என் பெண்ணின் கையை உடைத்தவன் கொடுத்த சொர்க்கம்.

மத்தியானம் மெஷின் நடு ஹாலில் நின்று முனகியது. உருளை பிரஷில் முடி. காவியாவுக்கு இடுப்புக்குக் கீழே முடி, ஒன்று உதிர்ந்தால் இரண்டு முழம். கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருக்கும்போதே போன்.

"அத்தை, பிரஷ்ல முடி சிக்கியிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. காவியா முடியா?"

"என் முடி மாப்பிள்ளை."

"உங்க முடி இவ்வளவு நீளம் இருக்காதே அத்தை." சிரித்தான். "பாத்து எடுத்துடுங்க, மோட்டார் போயிடும்."

நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த காவியா, வெட்டி எடுத்த முடியை என் கையிலிருந்து பிடுங்கினாள். பேப்பரில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குப்பைத் தொட்டி ரெண்டடி தூரத்தில்.

சாயங்காலம் கீரை ஆய்ந்தபடி அவளாகவே சொன்னாள். அவன் வீட்டுக்குள் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொள்வானாம். பட்டறையிலிருந்து வந்து குளித்துவிட்டு, துவைத்த சாக்ஸ் மாட்டிக்கொண்டு, சுவர் ஓரமாக ஒரு சுற்று. பிறகு சோபாவில் உட்கார்ந்து காலை மடித்து உள்ளங்காலைப் பார்ப்பான். அவள் பக்கத்தில் நிற்கவேண்டும். வெள்ளையாக இருந்தால் சாப்பாடு. கறுப்பாக இருந்தால்.

"இருந்தா?" என்றேன்.

"கீரையில புழு இருக்கும்மா, பாத்து ஆயி."

சாக்ஸ் போடும் அந்த இரண்டு காலையும் அம்மிக் குழவியால் நசுக்கவேண்டும் போல இருந்தது. கீரைத்தண்டு என் கையில் கூழாகிவிட்டது.

ஆடி 12, திங்கள்

மேகம். மழை இல்லை.

காலையில் காப்பி கலக்கும்போது மெஷின் தானாகக் கிளம்பியது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. இங்கிலீஷில் ஏதோ அறிவித்துவிட்டு ஹாலுக்கு வந்தது. காவியா கையிலிருந்த டம்ளர் விழுந்தது. துவாக்குடியில் உட்கார்ந்து அவன் விரலால் தட்டியிருக்கிறான், எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. சிந்திய காப்பியை அவள் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். மெஷின் அங்கே வந்து சேர்வதற்குள் முடித்துவிட்டாள்.

அரை மணியில் போன். இவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, மேப்ல ஒரு ரூம் வரவே இல்லையே. காவியா ரூம்தானே? கதவு மூடியிருந்துச்சா?"

"தூங்கிட்டு இருந்தா மாப்பிள்ளை."

"ஏழரை மணிக்கா?" "சரி மாமா, நாளையிலேருந்து கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க. அங்கதான் முடி ஜாஸ்தி இருக்கும்."

இவர் போனை வைத்துவிட்டு, "எவ்வளவு அக்கறையா விசாரிக்கிறாரு பாத்தியா" என்றார். கையில் கரண்டி இருந்தது. சுவரில் அடித்தேன். கரண்டிக் காம்பு வளைந்துவிட்டது, சுவரில் சுண்ணாம்பு ஒரு கை அளவு பெயர்ந்தது. "பீ.பீ. மாத்திரை போட்டியா?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன்.

ஆடி 14, புதன்

காற்று பேய் மாதிரி. ஜன்னல் கொக்கி ஒன்று பிய்த்துக்கொண்டது.

மெஷினில் ஒரு சந்தேகம். மூன்று நாளாகக் குப்பை டப்பாவில் ஒன்றுமே இல்லை. இந்தக் காற்றுக்கு ஒரு கை மணலாவது இருக்கவேண்டும். ஒரு சிட்டிகை கூட இல்லை. முடி ஒன்றுகூட இல்லை. உறிஞ்சும் சக்தி போய்விட்டது என்று நினைத்தேன். மனதுக்குள் சந்தோஷம்தான். பெயில் போட்டுவிடலாம், பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கும், நாள் கிடைக்கும்.

ஆனால் மார்க் என்றால் மார்க். சோபா பக்கம் ஒரு கரண்டி கோதுமை மாவைத் தூவி ஓட்டினேன். அவ்வளவையும் சுத்தமாக எடுத்துவிட்டது. டப்பா நிறைய மாவு. உறிஞ்சலுக்கு 8 போடவேண்டியதுதான். அப்படியானால் தினமும் டப்பா ஏன் காலி? இவரிடம் கேட்டேன். "நம்ம வீடு அவ்வளவு சுத்தம்" என்றார். நம் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா?

காவியா கேட்டது, தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே: "முடியை பாப் வெட்டிக்கட்டுமாம்மா?"

"எதுக்கு?"

"வெயிலுக்கு."

இந்தக் காற்றில் என்ன வெயில்.

ஆடி 15, வியாழன்

பால் பாக்கெட் எடுக்க எழுந்தேன். வெளியே இன்னும் வெளுக்கவில்லை. ஹாலில் ஏதோ உரசும் சத்தம்.

காவியா. சோபாவுக்கு அடியில் பாதி உடம்பு. கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, மற்ற கையில் ஈரத்துணி. தரையோடு கன்னத்தை வைத்து, ஒவ்வொரு முடியாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முறத்தில் ஒரு கை மணல், ஒரு உருண்டை முடி. மெஷின் ஸ்டாண்டில் பச்சை விளக்கோடு காத்திருந்தது.

"என்னடி பண்ற?"

பயந்து எழுந்ததில் சோபாக் கட்டையில் தலை இடித்தது. வலிக்கு ஒரு சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் அடி வாங்கிப் பழகிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடறேம்மா. சிக்கிச்சுன்னா அவருக்கு மெசேஜ் போயிடும்."

"போனா போகட்டும். அவன் அங்க இருக்கான். நீ இங்க இருக்க."

"அவரு சேத்து வச்சுப்பாரும்மா. நான் போன பிறகு எல்லாத்துக்கும் ஒண்ணா."

மெஷின் வந்தது அவளுக்கு வேலை குறைய என்று ஏற்பாடு. இப்போது மெஷினுக்கு முன்னால் ஒரு தடவை என் பெண் பெருக்கவேண்டியிருக்கிறது. இதைத்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்து பத்துக்கு எட்டு, பத்துக்கு ஐந்து என்று எழுதிக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட்டைத் தரையில் அடித்தேன். வெடித்து சுவர் வரை தெறித்தது. காவியா உடனே குனிந்து துடைக்கப் போனாள். தோளைப் பிடித்து நிறுத்தினேன், அழுத்திவிட்டேன் போல, முகம் சுளித்தாள். என் கையும் அதே கைதானோ என்று பயமாகிவிட்டது. பிடியை விட்டுவிட்டேன்.

இவர் எழுந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவனும் மனுஷன்தானே சாந்தி, கொஞ்சம் சுத்தம் பாக்கற சுபாவம்" என்றார். டம்ளரை எறிந்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. காதோரம் போய்க் கதவில் பட்டது. குறி தப்பவில்லை, தப்பவிட்டேன். அவருக்கும் அது தெரியும். உட்கார்ந்துவிட்டார்.

மா.வை என்னவெல்லாம் செய்யலாம்: பட்டறை கிரைண்டரில் அவன் விரல். கொள்ளிடத்து மணலில் கழுத்து வரை. அவனுடைய சாக்ஸையே அவன் வாயில். எழுதியும் ஆறவில்லை.

ஆடி 16, வெள்ளி

கோலம் போடவில்லை. வாசலில் ஒரு புள்ளியோடு சரி.

மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டேன். இனி யாரும் பெருக்கக்கூடாது, ஒரு முடி எடுக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. விளக்குமாறு என் பீரோவுக்குள்.

பத்து மணிக்கு போன். "அத்தை, மெஷின் ஆஃப்லைன்னு காட்டுதே?"

"அப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை."

"என்ன அத்தை பிரச்சினை?"

"ஞாயித்துக்கிழமை வரீங்கல்ல, வந்து பாருங்க."

இவருக்கு இஷ்டமில்லை. வராதே என்று போனிலேயே சொல்லிவிடலாம் என்றேன். "நல்ல நாளும் அதுவுமா வராதன்னு எப்படிச் சொல்றது? வரட்டும், சாப்பிடட்டும். ஆடி முடியட்டும் பாப்போம்னு பக்குவமா நான் பேசறேன்." பக்குவம். இட்லி மாவா?

எனக்கு வேறு எண்ணம். இவர் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பார்க்காதவரை இவருக்கு எல்லாமே தரைப் பிரச்சினைதான். காவியாவிடம் சொன்னேன், உனக்குப் பயமாக இருந்தால் வேண்டாம், அன்றைக்கு நீ ராஜி வீட்டில் இரு என்று.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கி நீட்டினாள். "இல்லம்மா. அப்பா பாக்கட்டும்."

ஆடி 18, ஞாயிறு

எழுத்து கோணல். பரவாயில்லை.

பெருக்கு. காலையிலிருந்தே அம்மா மண்டபம் போகும் கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடை. தட்டில் புது மஞ்சள் கயிறு, குங்குமம். இரண்டு நாள் காற்று ஹாலில் படிந்து, நடந்தால் காலடி தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு மா. வந்தான். பட்டுப்புடவை, ஆப்பிள், மல்லிகை. வாசலில் ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றவில்லை. பால் வெள்ளை. "வாங்க மாப்பிள்ளை" என்று இவர். நானும் சொன்னேன், வாய்ப் பழக்கம்.

சுவரில் மாட்டிய போட்டோக்களைப் பார்ப்பதுபோல ஹாலை ஒரு சுற்று சுற்றினான். நான் இவரை முழங்கையால் இடித்தேன், பாருங்கள் என்று. பிறகு சோபாவில் உட்கார்ந்து காலை மடித்தான். உள்ளங்கால் கறுப்பு. குதிகாலில் நீளமாக ஒரு முடி. அதை மெதுவாகப் பிரித்து எடுத்து, ஆள்காட்டி விரலில் சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தான், விரல் நுனி சிவக்கும் வரை. முகத்தில் கோபமே இல்லை.

"காவி, இங்க வாம்மா."

அவள் சமையலறை வாசலுக்கு வந்தாள். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. அங்கிருந்தே அவளுடைய மாவுக்கட்டுக் கை தானாக மேலே போய் முகத்தை மறைத்தது. அவளுக்கும் அவனுக்கும் நடுவே முழு ஹால். இவர் சொம்பும் கையுமாக நின்றவர் அதைப் பார்த்துவிட்டார். சொம்புத் தண்ணீர் வேட்டியில் வழிந்தது, தெரியவில்லை அவருக்கு.

"என்ன, அடிச்ச மாதிரி கையைத் தூக்கற? மாமா முன்னாடி டிராமாவா?" எழுந்து போனான். "கையைக் கீழ போடு."

"விடுங்க."

"போடுன்னேன்." கட்டின் மேலேயே பிடித்து இறக்கினான். இறங்கவில்லை. முறுக்கினான். முறுக்கு நொறுங்குகிற சத்தம். காவியா முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள்.

இவர், "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்றார்.

யோசிக்காமல் செய்தேன் என்று எழுதினால் பொய். யோசித்தேன். மெஷின் என் காலருகே ஸ்டாண்டில் இருந்தது. தூக்கினேன். தலையா காலா என்று ஒரு கணக்கு ஓடியது. தலை என்றால் காவியாவைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கமாட்டேன். கால். மெஷினைத் தோளுக்குக் கொண்டுபோய், வலது முழங்காலை வளைத்து, இடுப்பு கதறக் கதற, விளிம்பு கீழே வருகிற மாதிரி அவன் பாதத்தின் மேல் இறக்கினேன். எலும்புச் சத்தம் எனக்குத் தெரியும், மைதானத்தில் கேட்டிருக்கிறேன். அலறி விழுந்தான். வெள்ளை சாக்ஸ் விரல் பக்கமிருந்து சிவந்து வந்தது. இன்னும் ஒரு தடவை தூக்கியிருந்தேன். காவியா என் புடவையைப் பிடித்து, "போதும்மா" என்றாள்.

போதவில்லை. ஆனாலும் வைத்துவிட்டேன்.

பெருக்குக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. இவர் எங்கோ ஓடிப்போய் ஒன்றைப் பிடித்து வந்தார், ஒன்றே ஒன்று. உடைந்த கை, உடைந்த கால், உடைத்தவள், இவர். நாலு பேரும் ஒரே ஆட்டோ. மா. டிரைவர் பக்கத்தில் காலை வெளியே நீட்டிக்கொண்டு. பின்னால் காவியாவை நடுவில் வைத்து நாங்கள் இரண்டு பேர். ரோடெங்கும் ஈரத்தலையோடு பெண்கள், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. பாலத்தில் ஊர்ந்தது. கீழே காவிரி செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது.

டிரைவர்: "நல்ல நாளும் அதுவுமா எப்படிங்க ஆச்சு?"

மா. ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன்தான் முதலில் திரும்பிக்கொண்டான்.

தில்லைநகரில் அதே ஆஸ்பத்திரி. டாக்டருக்கு வீடு மாடியிலேயே என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். மா. முந்திக்கொண்டான். மாமியார் அடித்தாள் என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும்?

"வழுக்கிட்டேன் சார். தரை ஈரமா இருந்துச்சு."

டாக்டர் காவியாவின் நொறுங்கிய கட்டைப் பார்த்தார். "இவங்களும் அதே தரையிலயா?"

"நான் வழுக்கல சார்" என்றாள் காவியா. குரல் கம்மியாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. "அன்னிக்கும் வழுக்கல. இன்னிக்கும் வழுக்கல. இவருதான் முறுக்குனாரு, ரெண்டு தடவையும். அப்படியே எழுதுங்க."

"அன்னிக்கு வழுக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே" என்றார் டாக்டர்.

இவர் முன்னால் வந்தார். "சொன்னது நான் டாக்டர். பொய் சொன்னேன்." வேட்டி இன்னும் ஈரமாக இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். என் பெண் உண்மையைச் சொல்லும்போது நான் மட்டும் கொழுக்கட்டையை மெல்ல முடியுமா? "அவரும் வழுக்கல டாக்டர். நான்தான் மெஷினைத் தூக்கிப் போட்டேன்" என்றேன்.

"அப்ப ரெண்டையுமே போலீசுக்குச் சொல்லணும்மா."

"சொல்லுங்க."

காவியாவுக்குப் புதுக் கட்டு, இந்தத் தடவை முழங்கை வரை. மா.வுக்கு இரண்டு விரல், பாதத்தில் ஒரு எலும்பு. அவன் அண்ணன் வந்து அழைத்துப் போனான்.

வீட்டுக்கு வந்தால் சித்திரான்னம் எல்லாம் அப்படியே. பசித்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். புது மஞ்சள் கயிறு தட்டிலேயே கிடந்தது, காவியா அதைப் பார்த்தாள், தொடவில்லை.

ஆடி 19, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

காலை முழுக்க மகளிர் காவல் நிலையம். காவியா சொன்னதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். சாக்ஸ் விஷயம் வந்தபோது எழுதிய பெண் போலீஸ் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, "தினமுமா?" என்று கேட்டார். தினமும் என்றாள். இவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், பிறகு தன் கையெழுத்தையும் போட்டார்.

மா. பக்கமும் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்களாம். கொடுக்கட்டும். நாளைக்கு நான் போய்ப் பதில் சொல்லவேண்டும். வக்கீல் ஒருவரை இவரே விசாரித்திருக்கிறார். இவர் ஒன்றை விசாரித்து, பாப்போம் என்று சொல்லாமல் முடித்தது இதுதான் முதல்.

அவன் அண்ணன் போனில்: "ஒரு பொம்பள இப்படிப் பண்ணலாமாங்க?" வாயைத் திறக்கப்போனேன். இவர் போனை வாங்கி, "பண்ணலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மெஷினைப் போலீஸ்காரர்கள் ஒரு சாக்குப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். மூடி விரிசல், மீசை பிரஷ் உடைந்துவிட்டது. கொடுக்கும் முன் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது. உறுதி 9. ஹாலில் காய்ந்த ரத்தத்தை நானே உட்கார்ந்து துடைத்தேன். இடுப்பு விட்டுப்போனது.

சாயங்காலம் காவியா சீப்பையும் எண்ணெய்யையும் எடுத்துக்கொண்டு நடு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் தலை வாரிக்கொண்டிருந்தாள். "ஒரு கையால வரலம்மா, வாரி விடு." பின்னலைப் பிரித்து வாரினேன். ரொம்பக் கொட்டுகிறது. சீப்பில் சுற்றிய முடியை உருவினேன், கையிலிருந்து நழுவி விழுந்தது. ஜன்னல் காற்றில் உருண்டு ஹாலைக் கடந்து சுவர் ஓரம் போய் நின்றது. எழுந்து எடுக்கப் போனேன்.

"கிடக்கட்டும்மா" என்றாள்.